இயக்க விதிகள் செய்முறைப் பெட்டி: வண்டி அருமை, கடிகாரம் வேண்டாம்

வேலூர் லாங்கு பஜார் பக்கம் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் பெட்டி இது. பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே நியூட்டனின் இயக்க விதிகள் என்பதால் பெற்றோரும் டியூஷன் நடத்துவோரும் தேடி வாங்குகிறார்கள். உள்ளே 1.2 மீட்டர் பிளைவுட் தடம், பால் பேரிங் சக்கரம் பூட்டிய 500 கிராம் டிராலி, மேசை ஓரத்தில் மாட்டும் கப்பி, எடைத்தாங்கி, எடைகள், உராய்வுக்கு 200 கிராம் மரக்கட்டை, ஒரு வில் தராசு, ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கின்றன. விலை இரண்டாயிரத்துக்குள். டிராலிக்கும் கப்பிக்குமே அந்தக் காசு தகும். காலை வாருவது அளக்கும் சாமான்கள்தான்.

முதலில் உராய்வை ஈடுகட்ட வேண்டும். தடத்தின் ஒரு முனைக்கு அடியில் அட்டை அடுக்கி உயர்த்துங்கள். லேசாகத் தள்ளிவிட்ட டிராலி வேகம் கூடாமலும் குறையாமலும் ஓடினால் சரி. பேரிங் சுத்தமாக இருந்தால் சுமார் 12 மில்லிமீட்டர் உயரம் போதும். 30 மில்லிமீட்டர் வரை தேவைப்பட்டால் பேரிங்கில் தூசியோ பிசுக்கேறிய எண்ணெயோ இருக்கிறது. பெட்டியோடு வரும் குறிப்புத்தாளில் இந்தப் படியே இல்லை. இதை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் கணக்கு எதுவும் ஒத்துவராது.

இனி நூலில் 50 கிராம் தொங்கவிட்டு டிராலியை விடுங்கள். பிள்ளைகள் 0.05 × 9.78 (கிலோவில் எடை × புவியீர்ப்பு முடுக்கம்) என்ற விசையை 0.5 கிலோவால் வகுத்து முடுக்கம் 0.98 என்பார்கள். தொங்கும் எடையும் சேர்ந்துதானே முடுக்கம் பெறுகிறது? 0.55 கிலோவால்தான் வகுக்க வேண்டும், விடை 0.89 மீ/வி². 60 சென்டிமீட்டர் ஓட 1.16 விநாடி ஆகும்.

ஏன் 60? சாதாரண மேசை 75 சென்டிமீட்டர் உயரம். ஒரு மீட்டர் ஓட்டம் வைத்தால் எடை பாதி வழியிலேயே தரையைத் தொட்டுவிடும். அதன்பின் இழுக்கும் விசை கிடையாது. குறிப்புத்தாள் ஒரு மீட்டர் என்றே சொல்கிறது, அது தவறு. ஆனால் அந்த இடத்தைத்தான் கட்டாயம் காட்ட வேண்டும்: எடை தரையில் அமர்ந்து நூல் தொய்ந்த பிறகும் டிராலி விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்ற அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் விதி (விசை = நிறை × முடுக்கம்) முடிந்த இடத்திலேயே முதல் விதி (விசை இல்லையென்றால் வேகம் மாறாது) கண்முன் தொடங்குகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே பெட்டியை வாங்கலாம்.

ஸ்டாப்வாட்ச்சை ஓரமாக வையுங்கள். கை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினால், 1.16 விநாடி ஓட்டத்தில் முடுக்கம் மூன்றில் ஒரு பங்கு தவறிவிடும். செல்போனில் வீடியோ எடுத்து ஃபிரேம்களை எண்ணுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றாலே பிழை ஆறு சதவீதத்துக்கு இறங்கும். ஸ்லோமோஷன் இருந்தால் இன்னும் நல்லது. கூடவே வரும் பருத்தி நூல் இழுபடும். மீன் தூண்டில் நரம்பு மாட்டுங்கள்.

வில் தராசு நிமிர்த்திப் பிடித்துப் பூஜ்யம் வைத்தது. படுக்கவைத்தால் கொக்கியின் எடை வில்லை இழுக்காது, முள் பூஜ்யத்துக்கும் குறைவாகக் காட்டும். மரக்கட்டையை இழுக்கும் முன் படுத்த நிலையிலேயே திருகிப் பூஜ்யம் செய்யுங்கள். கட்டையை மட்டும் இழுத்தால் ஐந்தாறு கோடுதான் நகரும். மேலே 500 கிராம் ஏற்றினால் நன்றாகப் படிக்கலாம். நகரத் தொடங்கும் கணத்தில் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் சற்று இறங்கும். ஏறிய அளவு நிலை உராய்வின் உச்சம், இறங்கியது இயக்க உராய்வு. கூடவே கொடுக்கும் உப்புத்தாள் கட்டையைத் தேய்த்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வேறு எண் தரும். நம் பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூரில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஒரே துண்டின் வழவழப்பான முகம், சொரசொரப்பான முகம் இரண்டையும் மாற்றி மாற்றி விரித்து இழுத்துப் பாருங்கள். எண்கள் தெளிவாகப் பிரியும்.

மூன்றாம் விதிக்கு (ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு) இரண்டு தராசு வேண்டும். பெட்டியில் ஒன்றுதான் என்பது பெரிய குறை. இன்னொன்று வாங்கும்போது இரண்டிலும் ஒரே எடையை மாட்டிச் சரிபாருங்கள். வில் தளர்ந்த தராசு கூட்டிக் காட்டினால் பிள்ளை சந்தேகப்படப்போவது நியூட்டனைத்தான்.

கடையிலேயே தடத்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் 5 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தாலே முனைகளில் விழும் சரிவு, உராய்வுக்காகக் கொடுக்கும் சரிவைவிட அதிகமாகிவிடும். வேலூர் வெயிலில் தகரக் கொட்டகையிலோ மொட்டைமாடி அறையிலோ போட்டால் பிளைவுட் வளையும். கட்டிலுக்கு அடியில் படுக்கையாக வையுங்கள்.

பத்தாம் வகுப்புக்குத் தாராளமாக வாங்கலாம். பதினொன்றாம் வகுப்புக்கு இரண்டாவது டிராலி இல்லாமல் உந்த மாறா விதி (மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை × திசைவேகம் மாறாது என்பது) செய்ய முடியாது. தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.