உலகச் சுகாதாரச் செலவினத் தரவுத்தளம்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்புரை

ஒரு நாட்டின் மருத்துவச் செலவை உயர்த்துவது வருமானமா, முதுமையா, புதிய தொழில்நுட்பமா என்று கணித மாதிரி அமைத்துப் பார்க்க விரும்புவோருக்கு, உலகச் சுகாதார நிறுவனம் இலவசமாக வழங்கும் இந்தத் தரவுத்தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 190-க்கும் மேற்பட்ட நாடுகளின் கணக்குகள் 2000 முதல் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன. அரசு செலவிடுவதும் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுப்பதும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பது பெரிய வசதி.

தலைக்குரிய மருத்துவச் செலவையும் தலைக்குரிய உள்நாட்டு உற்பத்தியையும் மடக்கைக்கு (log) மாற்றி வரைந்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டையொட்டி அமைகின்றன. அமெரிக்கா மட்டும் தெளிவாக மேலே விலகி நிற்கிறது. 13 நாடுகளிடையே காணப்பட்ட செலவு வேறுபாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் வருமானத்தாலேயே விளக்கிவிடலாம் என்று 1977-இல் பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் காட்டியது எவ்வளவு வலுவான கண்டுபிடிப்பு என்பது அந்தப் படத்தைப் பார்க்கும்போதே புரிகிறது.

தொடர் 2000-இல்தான் தொடங்குகிறது என்பது உண்மையான குறை. செலவும் வருமானமும் ஆண்டுதோறும் சேர்ந்தே ஏறுவதால் போலித் தொடர்பு எளிதில் தோன்றிவிடும். ஆகவே வளர்ச்சி விகிதங்களாக மாற்றியும் சோதித்துப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பத்துக்கென்று நேரடி அளவீடு இதில் இல்லாததால், அதன் விளைவு பெரும்பாலும் மாதிரியின் எச்சத்திலேயே, அதாவது மாதிரியால் விளக்க முடியாத மீதியிலேயே, தங்கிவிடுகிறது.