கார் ஏசிக்கு "கேஸ் கம்மியா இருக்கு" என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களிடம் 2009 மாடல் சாண்ட்ரோ இருக்கிறது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இதய நோயாளி. திருச்சி வெயிலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த வண்டியும் அதன் ஏசியும்தான் கதி. அந்த அவசரம் தெரிந்தேதான் எங்களிடம் பணம் பறித்தார்கள்.

பங்குனியில் கூலிங் குறைந்தது. எப்போதும் நாலு வண்டி நிற்கும் ஒரு கார் ஏசி கடையில் விட்டோம். பிரஷர் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்அப் பண்ணிடலாம்" என்றார்கள். 1,800 ரூபாய். சித்திரை பாதியில் மறுபடி வெறும் காற்று. கேட்டால், "பழைய வண்டின்னா கேஸ் குறையத்தான் சார் செய்யும்" என்று சொல்லி இன்னொரு டாப்அப். அதுவும் நிற்கவில்லை என்றதும், அக்னி நட்சத்திர நேரத்தில் பெரிய கணக்காகப் போட்டார்கள். டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் ஓட்டையாம், டேஷ்போர்டை இறக்கணுமாம். காயில், ஈரம் உறிஞ்சும் ட்ரையர், கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகிற பொருள் இல்லை. கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக மிக மெதுவாகக் கசியும் என்பது உண்மைதான். ஆனால் அது தெரிய வருவதற்கே வருஷக்கணக்காகும். ஒரே வெயில் காலத்தில் கேஸ் போகிறதென்றால் எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கைத் தேடாமல் கேஸ் போடுகிறவர், கொஞ்ச நாளில் வெளியேறப் போகிற சரக்கைத் தெரிந்தே நம்மிடம் விற்கிறார்.

கேஜைக் காட்டிச் சொல்கிற கதையையும் நம்பாதீர்கள். இந்த வண்டிகளில் இருப்பது ஆர்134ஏ கேஸ். ஏசி ஓடாமல் நிற்கும்போது உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை, பிரஷர் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்தது இல்லை. 30 டிகிரியில் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ காட்டும், பாதி கேஸ் இருந்தாலும் முழுக்க இருந்தாலும். ஏசி ஓடும்போதும் வெளி வெயில், இன்ஜின் வேகம், ஃபேன் எல்லாம் சேர்ந்துதான் முள்ளை நகர்த்துகின்றன. பானெட்டைத் திறந்தால் எத்தனை கிராம் கேஸ் போட வேண்டும் என்று ஸ்டிக்கர் இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டித்தான். இருக்கிற கேஸை எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு, அதாவது பம்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, தராசில் நிறுத்து ஏற்றுவதுதான் முறை. கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் அளவு கூடிப் போய் கம்ப்ரசரே அடிவாங்கும்.

அடுத்தது வேக்கம். "வேக்கம் நிக்குது, லீக் இல்ல" என்று எங்களுக்கும் காட்டினார்கள். வேக்கத்தில் வெளியிலிருந்து உள்ளே அழுத்துவது காற்று மண்டலத்தின் 14.7 பிஎஸ்ஐ மட்டுமே. ஏசி ஓடும்போது கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் ஹை சைடில் 200 பிஎஸ்ஐ அளவுக்கு உள்ளேயிருந்து வெளியே தள்ளும். வேக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஓ ரிங் (குழாய் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்), பிரஷர் ஏறியதும் விட்டுக் கொடுக்கலாம். ஐந்து நிமிஷ வேக்கத்தை லீக் டெஸ்ட் என்று யாரும் சொல்ல முடியாது.

காயில் மாற்றியதாகச் சொன்ன வண்டி வீட்டுக்கு வந்தபோது டேஷ்போர்டு கிளிப் உடைந்து கடகடவென்று ஆடியது. பழைய காயிலைக் கேட்டோம். "ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்றார்கள். ஆனி முடிவதற்குள் கூலிங் மறுபடி போய்விட்டது.

மாமா ஒருவர் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேஜைத் தொடவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் கிரில் வழியாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். "கேஸ் போனா கூடவே கம்ப்ரசர் ஆயிலும் வெளிய வரும் சார். பிசுக்கு எங்கயோ, லீக் அங்கதான்." கண்டென்சருக்குள் குழாய் நுழைகிற இடத்தில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. நைட்ரஜன் ஏற்றி, எல்லா ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவினார். அந்த ஒரே இடத்தில் மட்டும் குமிழ் வெடித்து வெடித்து மறுபடி ஊதிக்கொண்டே இருந்தது. கழற்றினால், ஓ ரிங் தட்டையாகி, விரலால் வளைத்ததும் துண்டாக உடைந்தது. சில பத்து ரூபாய் பெறாத பொருள்.

"அண்ணே, காயிலை மாத்தினாங்களான்னு பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். ஏசி ஃபேன் வேகத்தை மாற்றும் ப்ளோவர் ரெசிஸ்டரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் சின்ன கேமராவை விட்டு போனில் காட்டினார். அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் வேப்பஞ் சருகும் வருஷக்கணக்கான புழுதியும். புதுக் காயில் இரண்டு மாதத்தில் அப்படி ஆக வழியே இல்லை. அவர் போட்டோ எடுத்துத் தந்தார். அதைப் பார்த்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பணம் அவருடைய பென்ஷன் பணம்.

காயில் நிஜமாகவே ஓட்டையாகும், இல்லை என்று சொல்லவில்லை. அப்போதும் ஆதாரம் கேளுங்கள். ஆர்134ஏ காற்றைவிட கனம், கீழே இறங்கும். காயிலில் லீக் என்றால் தண்ணீர் சொட்டுகிற டிரெய்ன் குழாய் வாயில் கேஸ் லீக் டிடெக்டரை வைத்தாலே சத்தம் போடும். யூவி டை என்கிற சாயத்தைக் கலந்து ஓட்டிவிட்டு யூவி லைட் அடித்தால் அதே இடத்தில் பச்சை மஞ்சளாக ஒளிரும். டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்துவிடலாம். சர்வீஸ் வால்வு பின், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் டயருக்கு அடிக்கிற காற்றை ஏற்ற வந்தால் தடுத்துவிடுங்கள், அதிலிருக்கும் ஈரம் உள்ளே ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். லீக்கை அடைக்கும் மருந்து என்று எதையாவது ஊற்றினால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பில்லில் "கூலிங் காயில் 1" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. போட்டோவோடு அதை இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம், அதனால்தான் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். காயில் மாற்றியதாகப் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், அந்த ரெசிஸ்டர் துவாரத்தில் ஒருமுறை கேமரா விட்டுப் பாருங்கள். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.