சர்வீஸுக்குப் போன கணினி உளவு நிரலோடு திரும்பி வந்தது

புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் வீட்டிலிருந்தே செய்து கொடுப்பது என் தொழில். இரண்டு மாதங்களுக்கு முன் கணினி மிகவும் மந்தமாகிவிடவே, எங்கள் பகுதியில் பலரும் நம்பிப் போகும் ஒரு சர்வீஸ் கடையில் அதைக் கொடுத்தேன். 1,800 ரூபாய் பெற்றுக்கொண்டு மறுநாள் மாலையே திருப்பிக் கொடுத்தார்கள். "புது விண்டோஸ் புரோ போட்டாச்சு மேடம். பேஜ்மேக்கர், போட்டோஷாப், தமிழ் ஃபான்ட் எல்லாத்தையும் சேர்த்து ஏத்திட்டேன், அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்றார் கடைக்காரர். அந்த "எல்லாத்தையும்" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருந்தன என்று அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தப் பதிவை எழுத நேர்ந்திருக்காது.

முதல் வாரம் கணினி வேகமாகவே ஓடியது. பிறகு குரோமில் எதைத் தேடினாலும் முடிவுகள் முன்பின் பார்த்திராத ஒரு பக்கம் வழியாகச் சுற்றி வரத் தொடங்கின. விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸில் ஸ்கேன் கொடுத்தேன். அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்று பச்சை நிறக் குறியோடு பதில் வந்ததால் மனம் அமைதியடைந்து வேலையைத் தொடர்ந்தேன். மூன்றாவது வாரத்தில், நான் வழக்கமாக வேலை செய்து கொடுக்கும் பதிப்பகத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்க மெயில்ல அனுப்பின புது அக்கவுண்டுக்குப் பணம் போட்டுட்டோம், வந்துச்சா?" என்று கேட்டார். நான் புதுக் கணக்கு எதையும் அனுப்பவில்லை. என் மின்னஞ்சலிலிருந்துதான், எங்களுக்கு இடையே நடந்த பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே, வேறொருவருடைய வங்கிக் கணக்கு எண் போயிருந்தது. அதற்கு வரும் பதில்கள் என் கண்ணில் படாதிருக்க, பதிப்பகத்தின் அஞ்சல்கள் அனைத்தும் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு வடிகட்டியும் வைக்கப்பட்டிருந்தது.

பணம் பதிப்பகத்துடையது என்பதால் அவர்கள் அன்றிரவே 1930 என்ற எண்ணில் புகார் கொடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தார்கள். உடனே சொன்னதால் பணத்தின் ஒரு பகுதி எதிர்த்தரப்பு வங்கியில் முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது; மீதி என்னவாகும் என்று இன்னும் தெரியவில்லை.

என் மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு இருந்தது, ஓடிபி இல்லாமல் யாரும் நுழைய முடியாது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எங்கே பிழைத்தது என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய உளவு நிரல்களில் பெரும் பகுதி, நாம் தட்டுவதை மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பார்க்கும் பழைய வகை அல்ல. உள்ளே வந்த சில நிமிடங்களில், பிரவுசரில் சேமித்துள்ள கடவுச்சொற்களையும், தானாக நிரப்பப்படும் விவரங்களையும், இணையதளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் குக்கிகள் என்ற சிறு கோப்புகளையும் அள்ளி வெளியே அனுப்பிவிடும். நாம் ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டோம் என்பதற்கான அடையாளச் சீட்டு அந்தக் குக்கிக்குள்தான் இருக்கிறது. அதைத் தன் கணினியில் வைத்துக்கொள்பவனிடம் கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்கப்படுவதில்லை. லும்மா என்ற இவ்வகை நிரல் ஒன்று, 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரையிலான இரண்டே மாதங்களில் உலகெங்கும் 3,94,000-க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

கணினித் துறையில் இருக்கும் என் தங்கை மகன் வந்து பார்த்தபோது முதலில் திறந்தது விண்டோஸின் உரிம நிலையைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைத்தான். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் இயங்குகிறது என்ற பொருளில் அங்கே ஒரு வரி இருந்தது. குரோமின் மெனுவைத் திறந்தால் அதன் அடியிலும், இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று எழுதியிருந்தது. "உங்களுக்கு ஏது பெரியம்மா நிறுவனம்?" என்று அவன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் வரி வந்ததற்குக் காரணம், பெரிய அலுவலகங்களுக்கான உரிம முறையைப் போலியாக நடிக்கும் ஆக்டிவேட்டர் ஒன்றைக் கடையில் போட்டிருந்தது. இரண்டாவது வரி வந்ததற்குக் காரணம், தேடுபொறியை நான் மாற்ற முடியாதபடி உளவு நிரல் பூட்டி வைத்திருந்தது. அடுத்து டிஃபெண்டரின் அமைப்புகளில் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்தான். அதில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது: சி டிரைவ். அதாவது, விண்டோஸும் மென்பொருள்களும் இருக்கும் அந்த டிரைவ் முழுவதையும் சோதிக்க வேண்டாம் என்று காவலாளியிடமே சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்து நிம்மதியடைந்த பச்சைக் குறிக்கு அதுதான் விளக்கம்.

இத்தகைய ஆக்டிவேட்டர்களையும், மென்பொருளின் உரிமப் பூட்டை உடைக்கும் கிராக்குகளையும் ஏற்றுபவர்கள் முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உள்ளே வருவது ஆக்டிவேட்டர் மட்டும்தானா என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் பரவிய நிறுவல் கோப்புகளில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் கலந்திருந்ததை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரிலேயே வெளியிட்டது. என்னை இன்னும் வருத்துவது வேறொன்று. என் கணினி வாங்கும்போதே உரிமமுள்ள விண்டோஸ் ஹோமுடன் வந்தது; அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே ஹோம் பதிப்பைத் திரும்ப நிறுவியிருந்தால் ஒரு ரூபாய் செலவின்றித் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். நான் கேட்காத புரோவைப் போட்டதால்தான் கள்ளச்சாவியே தேவைப்பட்டது.

நீக்கும் வேலையில் நான் செய்த முதல் தவறு, அதே கணினியிலேயே கடவுச்சொற்களை மாற்றத் தொடங்கியது. தங்கை மகன் தடுத்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, என் கைபேசியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அடுத்து வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தான். ஒவ்வொன்றிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தச் சொன்னான்; திருடப்பட்ட குக்கி அதனால்தான் செல்லாததாகிறது. அஞ்சலில் இருந்த வடிகட்டியையும் அழித்தோம். பிறகு அந்த எக்ஸ்குளூஷனை நீக்கி, டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிட்டோம். விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பவை அதில் அகப்படும். கால் மணி நேரம் போல ஆகும். நான்கு கோப்புகள் பிடிபட்டன. குரோமில் நான் சேர்க்காத எக்ஸ்டென்ஷனையும் நீக்கினோம். ஆனால் மறுநாள் காலை சி டிரைவ் மறுபடியும் அந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தது. வேலைகளைத் தானாக ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில், ஏதோ அப்டேட் என்ற பெயரில், கணினி எழும்போதெல்லாம் அதைத் திரும்ப எழுதும் பணி ஒன்று இருந்தது.

விளம்பர நிரல் மட்டும் என்றால் நீக்கிவிட்டுத் தொடரலாம், கடவுச்சொல் களவு போன கணினியை முழுவதும் அழித்துத்தான் நிறுவ வேண்டும் என்று அவன் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். என் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் தனி டிஸ்கில் எடுத்துக்கொண்டு, கடையில் ஏற்றிய நிறுவல் கோப்புகள் ஒன்றைக்கூட எடுக்காமல், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து வேறொரு கணினியில் தயாரித்த பென் டிரைவைக் கொண்டு, டிஸ்கின் பழைய பிரிவுகளை (பார்ட்டிஷன்) எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸ் ஹோமை நிறுவினோம். சொன்னபடியே அது தானாக ஆக்டிவேட் ஆனது. பேஜ்மேக்கருக்குப் பதில் இப்போது ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் பழகி வருகிறேன். நம் அச்சுத் தொழிலில் எழுத்துருக்களும் கிராக்குகளும் பென் டிரைவில் கைமாறுவது எவ்வளவு இயல்பானது என்பது எனக்குத் தெரியும், அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்.

கடை வழியாக மட்டும்தான் இவை வரும் என்று எண்ண வேண்டாம். மனிதர்தானா என்று சோதிப்பதாகக் காட்டி, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, நகலெடுத்ததை ஒட்டச் சொல்லும் பக்கத்தைக் கண்டால் உடனே மூடிவிடுங்கள். லும்மா பரவிய வழிகளில் அதுவும் ஒன்று.

கடைக்காரரிடம் போய் அந்த எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலின் படத்தைக் காட்டினேன். "எல்லாக் கடையிலும் இப்படித்தான் மேடம் போடுறாங்க. நீங்க எதையாவது டவுன்லோடு பண்ணியிருப்பீங்க" என்றார். 1,800 ரூபாய்க்கு ரசீது கேட்டேன், தரவில்லை. திரும்பும் வழியில், அதே கடையில் சென்ற ஆண்டு லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய என் தோழியின் வீட்டுக்குப் போய் டிஃபெண்டரின் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது: சி டிரைவ். அவளுடைய மகள் அந்த லேப்டாப்பில்தான் கல்லூரிக் கட்டணம் செலுத்தி வருகிறாள்.