பயிர் ஓட்ஸ், காட்டு ஓட்ஸ்: மரபு வேறுபாட்டை எதில் தேடுவது?

பயிர் ஓட்ஸுக்கும் அதன் மூதாதையான அவேனா ஸ்டெரிலிஸ் என்னும் காட்டு ஓட்ஸுக்கும் 42 குரோமோசோம்கள்தான். ஆகவே புதிய ரகம் உருவாக்க இரண்டையும் இனக்கலப்பு செய்வது கடினமல்ல. கலந்தபின் வருவதுதான் சிரமம்.

மகசூல், தண்டின் உறுதி, ஒரே சீராக முதிர்தல் ஆகியவைதான் தேவையென்றால் பயிர் ரகங்களுக்குள்ளேயே கலப்பது நல்லது. வேறுபாடு குறைவு, ஆனால் தேர்வு விரைவில் முடியும்.

துருநோய் என்னும் பூஞ்சை நோய்க்கு எதிர்ப்பு வேண்டுமென்றால் காட்டு ஓட்ஸ்தான் வளமான களஞ்சியம். மத்தியதரைக்கடல் பகுதியிலும் தென்மேற்கு ஆசியாவிலும் இயல்பாக வளரும் ஸ்டெரிலிஸிலிருந்தே பிசி 38, பிசி 39 என்னும் எதிர்ப்பு மரபணுக்கள் வந்தன. நாளடைவில் துருநோய்ப் பூஞ்சை அவற்றை முறியடித்தது. ஒற்றை மரபணுவை நம்பி ரகம் வெளியிடுவது ஆபத்து. இரண்டு மூன்றைச் சேர்த்தே வைக்க வேண்டும்.

காட்டுப் பெற்றோரின் தொல்லை விதையிலேயே தெரியும். ஸ்டெரிலிஸின் சிறுகதிர் முதிர்ந்ததும் முழுதாகக் கழன்று விழும். அடியில் குதிரைலாட வடிவத் தழும்பு, உமியில் முறுக்கி மடங்கிய முள். பயிர் ஓட்ஸில் விதை கதிரிலேயே நிற்கும். எனவே காட்டுக் கதிர் முதிருமுன் உறை கட்டுங்கள். விதை உடனே முளைக்காத உறக்கமும் உண்டு: உமியை நீக்கியோ, ஜிப்பரெல்லிக் அமிலம் என்னும் தாவர ஹார்மோனில் நனைத்தோ முளைக்க வைக்கலாம்.

எதிர்ப்பு மரபணுவோடு உதிரும் குணமும் ஒட்டிவரும். கலப்பில் வந்த செடியை மீண்டும் பயிர் ஓட்ஸோடு பலமுறை கலந்து (பின்கலப்பு), ஒவ்வொரு தலைமுறையிலும் துருநோய்ச் சோதனையில் தேறியவற்றை மட்டும் முன்னெடுங்கள். கலப்பில் தாயாகும் செடியின் பூவில் மூன்று மகரந்தப்பைகளையும் வெடிக்குமுன் அகற்றாவிட்டால் கிடைப்பது தன்மகரந்தச் சேர்க்கை விதைதான்.