வேரா ஷாஃபெல்ட் நினைவுப் பலகைகள்: தருமபுரி அச்சுக் கடை வேலை எப்படி?

ஜனவரி 27, ஐ.நா. அறிவித்த யூத இனப்படுகொலை நினைவு நாள். அன்று பள்ளி வராந்தாவில் மாட்டுவதற்காக நான்கு ரோடு பக்கம் ஒரு கடையில் அடித்த ஆறு பலகைகள் பற்றிய மதிப்பீடு இது. வேரா ஷாஃபெல்ட் 1930இல் பிராகில் பிறந்த யூதப் பெண். 1939இல், ஒன்பது வயதில், நாஜிகளிடமிருந்து தப்ப, அப்பா அம்மாவைப் பிரிந்து இங்கிலாந்துக்கு ரயிலேறினார். அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. வளர்ந்து ஆங்கில ஆசிரியர் ஆனார்.

ஒவ்வொரு பலகையும் 2க்கு 3 அடி, 5 மி.மீ. சன்போர்டில் (கெட்டியான நுரை அட்டை) ஒட்டிய, பளபளப்பில்லாத மேட் வினைல் தாள். இதில் குறையே இல்லை. ஃப்ளெக்ஸ் மலிவுதான், ஆனால் வெளிச்சம் பட்டால் பளபளக்கும், சிறிய எழுத்தைப் படிக்க முடியாது. 3 மி.மீ. போர்டு வெயில் படும் சுவரில் வளைந்துவிடும்.

கோளாறு எழுத்தில் வந்தது. கடையில் இருப்பது பழைய கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள். யூனிகோடு தமிழை அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, 'பெற்றோர்' படிக்க முடியாமல் போகிறது. எழுத்துருவைப் பதித்த பி.டி.எஃப். கொடுத்து, திறக்கும்போதே எழுத்தைக் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றச் சொல்லுங்கள். அப்புறமும் ஏ4 தாளில் ஒரு படி எடுத்து வரி வரியாகப் பார்த்தபின்தான் வினைலுக்குச் சம்மதிக்க வேண்டும். எழுத்து 32 புள்ளிக்குக் குறைய வேண்டாம், ஒரு பலகைக்கு 80 சொல் போதும்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஓர் அடி அகலத்துக்கு 1800 பிக்சல் வேண்டும். வடிவமைப்பாளர் பழைய முகங்களுக்கு வண்ணம் ஏற்றி, பின்னணியில் முள்கம்பி வைத்துவிட்டார். கேட்டதும் உடனே நீக்கினார், அதைப் பாராட்ட வேண்டும். அவை கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். அந்த முகங்களை நாம் அழகுபடுத்தக் கூடாது.

வாசகத்தை எழுதிக் கொடுப்பவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் எண்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா முதலிய இடங்களிலிருந்து வேராவைப் போல தப்பி பிரிட்டன் வந்த பிள்ளைகள் ஏறக்குறைய 10,000. பிள்ளைகளை மீட்க ஏற்பாடு செய்த ஆங்கிலேயர் நிக்கோலஸ் விண்டன் பெயரோடு சேரும் 669 என்பது பிராகிலிருந்து வந்த பிள்ளைகளை மட்டும் குறிக்கும். அதையும் அவர் ஒருவரே செய்ததாக எழுதாதீர்கள். பிராகிலேயே இருந்து பாடுபட்டவர்கள் டோரீன் வாரினரும் டிரெவர் சாட்விக்கும். ஒரு பிள்ளையை அனுமதிக்க பிரிட்டன் 50 பவுண்டு உத்தரவாதம் கேட்டது. 1939 செப்டம்பர் 1இல் போர் மூண்டதால், பிராகிலிருந்து கிளம்ப இருந்த கடைசி ரயில் புறப்படவில்லை.

ஆறில் சிறந்தது ஐந்தாம் பலகை. 1972இல் உகாண்டாவை ஆண்ட இடி அமீன் அந்நாட்டு ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். லண்டனின் பிரென்ட் பகுதிக்கு வந்து சேர்ந்த அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேரா ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய பிள்ளைக்கு என்ன தேவை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் பள்ளிகளுக்குப் போய்த் தன் கதையைச் சொன்னார். இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ள நம் பகுதியில் 'அகதி' என்ற சொல் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. அதனால் அவர்கள் நின்று படிப்பது இதைத்தான். மற்றவற்றைவிட இதைப் பெரிதாக அடித்திருக்கலாம்.

சுண்ணாம்புச் சுவரில் இருபுற டேப் பிடிக்காது. மேலே இரண்டு துளை போட்டுத் தரச் சொல்லி, சணல் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்ட வேண்டுமானால் பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது.