அப்பாவின் காலை டம்ளர்: 14 மாத அனுபவம்

அப்பாவுக்கு 71 வயது. சென்ற ஆண்டு கடைவாய்ப் பற்களை எடுத்த பிறகு சுண்டலைத் தொடுவதையே விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் முட்டையும் கிடையாது. இரண்டே மாதத்தில் எடை 4 கிலோ இறங்கி 58 ஆனது. சட்டை தோளில் தொங்கியது. புரதம் போதவில்லை என்றார் மருத்துவர். அன்று தொடங்கிய ஸ்மூத்தி (பாலும் பழமும் கடலையும் சேர்த்து அரைத்த பானம்), மயிலாப்பூரில் எங்கள் சமையலறையில் 14 மாதங்களாக ஒரு காலைகூட நிற்கவில்லை.

தொடக்கத்தில் நான் பழத்தை நம்பி ஏமாந்தேன். ஒரு வாழைப்பழத்தில் புரதம் சுமார் 1 கிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். அப்பாவுக்கு நாளொன்றுக்கு 48 கிராம். கடையில் வாங்கிய புரதப் பவுடர் திகட்டியது, வயிறும் உப்பியது. மூன்று வாரத்தில் அதை நிறுத்திவிட்டுப் பொட்டுக்கடலைக்கு வந்தேன். 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ள பொருள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது! (சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவேண்டாம். நாங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகே தொடங்கினோம்.)

அளவு இதுதான்: காய்ச்சி ஆறவைத்த பால் 200 மில்லி, பொட்டுக்கடலை 30 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 20 கிராம், ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சை. மொத்தம் 18 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கிறது. கடலைகளைப் பாலோடு சேர்த்து அரைத்தால் நறநறவென்று நிற்கும். அந்தத் துகள் அப்பாவின் ஈறில் குத்தி இரண்டு நாள் வலித்தது. அதன்பின் பொட்டுக்கடலையைச் சட்னி ஜாரில் தனியாகப் பொடித்து, சலித்து, பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். வேர்க்கடலை எண்ணெய் விடும் என்பதால் அன்றன்று, இரண்டு கரண்டி பால் விட்டு விழுதாக அரைப்பேன். சுருங்கிய கடலையையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பப்பாளி ஒரு பாடம் கற்பித்தது. ஆறு மணிக்கு அரைத்து வைத்தேன். நாகேஸ்வரராவ் பூங்காவில் நடந்துவிட்டு அப்பா வர ஏழரை ஆனது. ஒரு வாய் குடித்தவர், "என்னம்மா இது, வேப்பிலை போட்டாயா?" என்றார். பப்பாளியில் உள்ள பப்பைன் என்னும் நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. அன்னாசியிலும் இதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. இவற்றில் எதைப் போட்டாலும் அரைத்த கையோடு குடித்துவிட வேண்டும்.

மே மாதத்தில் பங்கனபள்ளி, மற்ற நாட்களில் பூவன், கிடைக்கும்போது சப்போட்டா. சப்போட்டா போட்டால் பேரீச்சைகூட வேண்டாம். கோடையில் ஐஸ் போடாமல், நறுக்கி உறையவைத்த வாழைப்பழத்தைச் சேர்க்கிறேன், நீர்த்துப் போவதில்லை. ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகு போட்டால் மிக்சி திணறாது.

ஜார் மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவாவிட்டால் வேர்க்கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். இதுவரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

அப்பாவின் எடை இப்போது 61. நடுவில் உட்காராமல் மொட்டை மாடிக்கு ஏறுகிறார். ஸ்மூத்தி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பல்செட் பொருந்திய பிறகு சாப்பாடும் கூடியது. ஆனால் அதற்கு முந்தைய ஐந்து மாதங்களைக் கடக்கவைத்தது இந்த டம்ளர்தான். இப்போது சுண்டல் மெல்ல முடிகிறது. இருந்தும் காலையில் முதலில் கேட்பது இதைத்தான்.