இருகைக் கோடரியா, இரட்டைக் கோடரியா?

டோட்டல் வார்: வார்ஹாமர் என்ற கணினிப் போர் விளையாட்டில் குள்ளர் படையை எடுத்து ஆடுபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள். கஜானாவில் கொஞ்சம் தங்கம் சேர்ந்துவிட்டது. கோடரிக்காரர்களில் யாரைச் சேர்ப்பது? இரண்டு கையாலும் பெரிய கோடரி பிடிக்கும் லாங்பியர்டு என்ற நீண்ட தாடிக் கிழவரையா, கைக்கு ஒரு கோடரியாக வைத்துக்கொண்டு சாவைத் தேடி அலையும் ஸ்லேயரையா?

2016-ல் முதல் பாகம் வந்தபோது நான் தயங்கவே இல்லை. ஆரஞ்சு நிறக் கொண்டை, மேலே சட்டைகூட இல்லாத முரட்டு உடம்பு. பார்த்ததும் நான்கு ஸ்லேயர் யூனிட் சேர்த்து முன்வரிசையில் நிறுத்தினேன். எதிரில் கோப்ளின் வில்லாளிகள். மலிவான படைதான். கைகலப்பு தொடங்குவதற்குள் பாதிப்பேர் தரையில் கிடந்தார்கள். மீதிப்பேர் அசராமல் சண்டை போட்டார்கள்தான், ஆனால் அதை வைத்து நான் என்ன செய்ய?

அங்கேதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. ஸ்லேயருக்குக் கவசம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. லாங்பியர்டுக்கு அது நிறைய உண்டு. இந்த விளையாட்டில் கவச எண் 100 என்றால், வந்து விழும் சாதாரணச் சேதத்தில் 50 முதல் 100 சதவீதம் வரை அது தின்றுவிடும். ஆகவே கோப்ளின் அம்பு லாங்பியர்டு மேல் பட்டால் கொசுக்கடி, ஸ்லேயர் மேல் பட்டால் அம்புதான். இருகைக் கோடரிக்காரர்களிடம் கேடயம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவசம் துளைக்கும் துப்பாக்கிகளுக்கு முன்னால் அவர்களும் சொகுசாக நிற்க முடியாது.

அடிக்கும் பக்கம் வந்தால் கதை மாறும். லாங்பியர்டின் பெரிய கோடரி கவசத்தைத் துளைக்கும். கேயாஸ் வாரியர் மாதிரி இரும்பில் முங்கி வருபவர்களுக்கு அதுதான் மருந்து. ஸ்லேயருக்கோ பெரிய உருவங்கள் மேல் தனிக் கூடுதல் பலம் இருக்கிறது. ராட்சசன், ட்ரோல், குதிரைப்படை என்று எது வந்தாலும் சுற்றி நின்று வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். குள்ளர்களுக்குச் சொந்தமாகக் குதிரைப்படையே இல்லாததால், இந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இனி மன உறுதி. ஸ்லேயர் 'உடையாத' படை. எவ்வளவு பேர் செத்தாலும் ஓடமாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பயந்து ஓடும் படை, கொஞ்ச தூரம் போய் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வரும். அடுத்த போருக்கும் மிஞ்சும். ஸ்லேயர் தோற்கும் சண்டையில் கடைசி ஆள் வரை செத்து, சேர்த்து வைத்த அனுபவப் பட்டையையும் கையோடு கொண்டுபோய்விடுவார். லாங்பியர்டு அப்படியில்லை. பூச்சாண்டிகளைப் பார்த்துப் பயப்படாதவர், அதோடு பக்கத்தில் நிற்பவர்களையும் தாங்கிப் பிடிப்பவர். அவருடைய அந்தத் திறனுக்கு விளையாட்டில் வைத்திருக்கும் பெயரே 'கிழட்டு முணுமுணுப்பாளர்கள்' என்ற பொருளில்தான். நம் காலத்தில் இப்படியா இருந்தது என்று தாத்தா புலம்பினால் பேரப்பிள்ளைகளுக்கு ரோஷம் வருமே, அதே கணக்கு. பச்சைப் பையன்களாக வரிசை கட்டினால் நடுவில் ஒரு லாங்பியர்டு யூனிட் செருகிவிடுவேன்.

லாங்பியர்டு வீணாகும் இடமும் ஒன்று உண்டு: கோப்ளின்களோடு சேர்ந்து வரும் பிளாக் ஆர்க் என்ற முரட்டுப் படை. அவர்களும் கவசம் துளைக்கும் பெரிய ஆயுதக்காரர்கள். நம் ஆள் போட்டிருக்கும் விலையுயர்ந்த இரும்பு அங்கே பாதி வேலைகூடச் செய்யாது. பதிலுக்கு நாமும் துளைப்போம், சரி, ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால் முதலில் தண்டரர் என்ற நம் துப்பாக்கிக்காரர்களால் அவர்களைச் சலித்து, மிச்சத்தை மட்டும் கோடரிக்கு விடுகிறேன். தண்டரருக்கு நேர்ப்பார்வை வேண்டும், முன்னால் நம் ஆட்களே நின்றால் சுட வழியிருக்காது. மேட்டில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில்.

இப்போது என் வழக்கம் இது. முன்வரிசை லாங்பியர்டு, 'கார்ட் மோட்' போட்டு. போடாவிட்டால் ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டு, அந்தக் குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு, பாதி மைதானம் போய்விடுவார்கள். நம் குறுக்குவில்காரர்களுக்குப் பின்னால் இரண்டே இரண்டு ஸ்லேயர் யூனிட். அம்பெல்லாம் முன்வரிசையைத் தேடிப் போகும்வரை அவர்களை அசைக்கமாட்டேன். ராட்சசன் நம் வரிசையில் சிக்கிக் கையை வீசத் தொடங்கும்போதுதான் பக்கவாட்டில் அவிழ்த்துவிடுவேன். மற்ற குள்ளர்களைவிட அவர்களுக்குக் கால் கொஞ்சம் வேகம், அதனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

ஹை எல்ஃப் என்ற வேறொரு இனத்தின் படையை எடுத்து ஆடுபவர்கள், எங்களுக்கும் ஒயிட் லயன் என்று கோடரிப்படை இருக்கிறதே என்பார்கள். சிங்கத்தோல் போர்வை அம்பைத் தடுக்கிறது, கோடரியும் நன்றாகத்தான் வெட்டுகிறது. ஆனால் அந்தப் படையில் டிராகனும் மந்திரவாதியும் இருக்கிறார்கள். கோடரியை நம்பி யாரும் உயிரை வைப்பதில்லை.

'ரெண்டே ரெண்டு ஸ்லேயர்' என்ற என் விதியை உங்ரிம் அயர்ன்ஃபிஸ்ட் என்ற குள்ளர் தலைவரை எடுத்து ஆடும் ஆட்டத்தில் மட்டும் நானே மீறுவேன். ஸ்லேயர்களின் அரசர் அவர். அவரிடம் அவர்களுக்குப் பராமரிப்புச் செலவும் குறைவு. அங்கே போய்க் கவசக்காரக் கிழவர்களால் படையை நிரப்புவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. கோப்ளின் வில்லாளிகளைப் பார்த்தால் மட்டும் இன்றும் ஒரு பதற்றம் வரும். காடு கிடைத்தால் முதலில் ஸ்லேயர்களை உள்ளே கொண்டுபோய் ஒளித்துவைத்துவிடுகிறேன்.